இரண்டு காளான்களும் ஒரு தூணும்

தமிழிலேயே எழுதலாம் என்று தாளும் பேனாவும் தந்தீர்கள், நன்றி இன்ஸ்பெக்டர். டீ மட்டும் வேண்டாம். மாதுங்காக்காரனுக்குக் காபிதான் இறங்கும்.

நான் ஆராய்ந்தது இரண்டு வகைக் காளான்களை. இரண்டும் சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணங்கள், ஊதா நிறம், தொட்டால் ஜெல்லி. கண்ணால் பிரிக்க முடியாது. முற்றியபின் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றின் வித்து குட்டை, மற்றதன் வித்து நீளம். அந்த வித்தியாசத்துக்கு ஒன்பது வருஷம் கொடுத்தேன். நாற்பத்தாறு வயதிலும் கல்லூரியில் தற்காலிக ஆசிரியன். ஆகஸ்டுக்குள் ஆய்வேட்டைத் தராவிட்டால் பதிவு ரத்து.

அப்போதுதான் எங்கள் கட்டடத்தின் மாடி கேலரி வராந்தாவைத் தாங்கும் மரத்தூணில் இரண்டும் அருகருகே இரண்டு கூட்டமாக முளைத்தன; இரண்டு வகைதான் என்று ஒன்பது வருஷப் பழக்கம் சொன்னது, வித்து முற்றினால் நிரூபணம். கடவுளே கண் திறந்தார் என்று அழுதேன்.

மாடியில் தனியாக இருக்கும் விசாலாக்ஷி மாமி கேட்டார். "வெங்கி, நீ படிச்சவன். இதனால ஆபத்து உண்டோ?"

"காளான் ஒண்ணும் பண்ணாது மாமி" என்றேன். உண்மைதான். உளுத்த மரத்தில்தான் அது முளைக்கும் என்பதை அவர் கேட்கவில்லை.

மாமிக்கு மனம் ஆறாமல், தாராவியிலிருந்து தச்சர் சொரிமுத்துவை வரவழைத்தார். அவர் தூணைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. உடனே ஒரு கட்டையைச் சாய்த்து முட்டுக்கொடுத்தார்.

"பாத்தியளா சார்? மழை விட்டதும் மாத்திருவோம். அதுவரைக்கும் இந்த முட்டுக்கட்டைய மட்டும் எடுத்துராதிய."

அவர் முட்டுக்கொடுத்த கட்டை சரியாக ஒரு வகையின் மேலேயே உரசி நின்றது, இன்னும் அழுந்தினால் நசுங்கிவிடும். வித்து முற்ற இன்னும் நான்கு நாள் வேண்டும். அவர் போனதும் கட்டையைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். நான்கே நாள்தானே. கேலரிப் பக்கம் வராதீர்கள் என்று மாமியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார், தச்சர் திரும்பி வருவார்.

மூன்றாம் நாள் காலை மழை சற்று ஓய்ந்ததும் மாமி மேலே கேலரிக்குப் புடவை உலர்த்த வந்தார். கீழே தூணருகே என்னைக் கண்டு குனிந்தார்.

"வெங்கி, காப்பி கலக்கட்டுமா?"

"கலங்கோ மாமி" என்று சொல்லிவிட்டுக் குடை எடுக்க உள்ளே போனேன். கேலரி அப்போது விழுந்தது.

மரக்குவியலுக்கு அடியிலிருந்து "வெங்கி" என்று இரண்டு முறை கேட்டது. முதலில் தூணின் துண்டைத் தேடினேன். கிண்ணங்கள் நசுங்கவில்லை. இரண்டு வகையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு முடித்தபோது குரல் நின்றிருந்தது.

முட்டுக்கட்டையை எடுத்தவன் நான். மாமியைக் கொன்றதும் நானே. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என்னிடமிருந்து எடுத்த உறைகள் உங்கள் மேஜையில் இருக்கின்றன. அவற்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். கலந்துவிட்டால் மாமி போனதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.