பத்துக்குப் பதினொண்ணு

— பத்துக்கு எத்தனை மார்க்குன்னுதானே மேடம் கேட்டீங்க? பதினொண்ணு போட்டுக்குங்க.

— பத்துக்கு மேல போட எங்க ஆப்ல இடமில்ல சார்.

— அப்போ முதல்ல அதை மாத்துங்க! பூட்டு கம்பெனிக்காரங்க வீடு தேடி வந்து, திருப்தியா இருக்கீங்களான்னு கேக்கறாங்கன்னா சும்மாவா? சும்மா சொல்லக்கூடாது மேடம், போன்ல கட்டைவிரல் எட்டுற இடத்துல ஒரே ஒரு பட்டன். ஒரு கையில காபி டம்ளர், இன்னொரு கையில என் வீட்டுக் கதவு.

— அந்தப் பட்டனை வரைஞ்சது நான்தான் சார். எங்க வைக்கலாம்னு நூறு பேரோட கையை அளந்து பார்த்தோம்.

— கேட்டுக்கோடி, நூறு பேர் கையை அளந்திருக்காங்க. நம்ம வீட்டம்மா ஒரு டம்ளரை மேசை நடுவுல வைக்கப் படற பாடு இருக்கே மேடம்!

— இன்னிக்கு அக்காகிட்டயும் கொஞ்சம் பேசணும் சார். அக்கா, நான் உங்களைச் சோதிக்க வரல. பூட்டைத்தான் சோதிக்கிறேன். மனசுல என்ன படுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க, சரியா?

— ம்.

— இப்போ நீங்க கடைக்குப் போகணும்னு வச்சுக்குங்க. இந்தக் கதவை எப்படித் திறப்பீங்க?

— அவர்கிட்ட சொல்வேன்.

— அவர் ஆபீஸ்ல இருந்தா?

— கதவுகிட்ட நின்னு சொல்வேன். அவர் போன்ல கேக்கும்.

— நான் அங்கேர்ந்து ஒரு தட்டு தட்டினா போதும் மேடம், திறந்துடும்.

— நீங்க மீட்டிங்ல மாட்டிக்கிட்டீங்கன்னா சார்?

— காத்திருப்பா. காய்கறி எங்க ஓடிடப் போகுது?

— அதுக்குத்தான் கதவுகிட்ட அந்த ஸ்டூலா?

— நான்தான் வாங்கிப் போட்டேன். நின்னா கால் வலிக்குமே, நானும் மனுஷன்தானே! ஆனா ஒரே ஒரு குறை மேடம். இவ கதவுப் பக்கம் வந்தாலே என் போன் டிங் டிங்குங்குது. அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் இதமா மாத்தச் சொல்லுங்க.

— அடிக்கடி வருதா சார்?

— முன்னெல்லாம் நாள் பூரா வரும். இப்போ குறைஞ்சுபோச்சு. பழகிட்டா.

— அக்கா போன்லயும் ஆப் போட்டுட்டா உங்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காதே?

— எனக்குப் போன் இல்லங்க.

— இவளுக்கு எதுக்கு மேடம் போன்? இந்த உள்பக்கப் பூட்டு இருக்கே, போன வருஷம் நான் எழுதிக் கேட்டேன், நீங்க செஞ்சு குடுத்தீங்க. அந்தப் பதினொண்ணு அதுக்குத்தான்.

— நிறைய பேர் கேட்டாங்க சார். நடக்கப் பழகற குழந்தை, ஞாபகமறதி வந்த பெரியவங்க, அந்த மாதிரி வீடுகளுக்குன்னு நினைச்சுதான் செஞ்சோம். இங்க குழந்தை?

— பாப்பாவை எங்க அண்ணன் வீட்டுல விட்டிருக்கேன். அங்க ஸ்கூல் நல்லாருக்கு. ஒரு நிமிஷம் மேடம், ஆபீஸ் போன் வருது. உள்ரூம்ல பேசிட்டு வந்துடறேன். நீங்க இவகிட்ட கேக்கறதைக் கேளுங்க.

— அக்கா, கொஞ்சம் என்னை நிமிர்ந்து பாருங்க.

— இங்க வேண்டாம். கதவுக்குக் கேக்கும். ஜன்னல் பக்கம் வாங்க.

— கடைசியா எப்போ வெளிய போனீங்க?

— மழைக்காலத்துல. பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

— ஐயோ அக்கா, இப்போ வெயில் மண்டையைப் பொளக்குது!

— பாப்பாவைப் பார்த்தும் அவ்வளவு நாளாச்சு. முன்பல்லு விழுந்துடுச்சாம். முளைச்சுதான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறார்.

— இது அத்தனையும் நான் வரைஞ்சது. ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுத்தான் வரைஞ்சேன். ஆனா பூட்டு வாங்கறவங்களை மட்டும்தான் கேட்டேன். கதவுக்கு உள்ள நிக்கிறவங்களைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல அக்கா. பாவி நான்.

— அழாதீங்க. கண்ணு சிவந்தா அவர் கண்டுபிடிச்சுடுவார். நான் ஒண்ணு கேக்கறேன். இதைத் திறக்க வேற வழியே கிடையாதா?

— வேற வழின்னா?

— தீப்பிடிச்சா என்ன பண்றது? அதுக்குன்னு உங்க ஆளுங்க ஏதாவது வச்சிருப்பாங்கதானே?

— இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிப்பு. வெளிய தெரிஞ்சா பூட்டு விக்காதாம். வேண்டவே வேண்டாம்னாங்க, நான்தான் மல்லுக்கட்டி வச்சேன்.

— சொல்லுங்க.

— கைப்பிடியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பூட்டுல எரியற சிவப்பு விளக்குப் பக்கத்துல இருக்கற குட்டிப் பட்டனை விடாம அழுத்துங்க. சிவப்பு அணைஞ்சதும் இழுத்தா வந்துடும். அவர் போனுக்கு ஒரு தகவலும் போகாது.

— அவர் அதை அடைச்சுட முடியுமா?

— அந்தப் பட்டனைப் பிடுங்கினாத்தான் உண்டு. தெரிஞ்சாத்தானே பிடுங்குவார்?

— இது ஒண்ணுதானா? வேற எதுவும் இல்லையா?

— இது ஒண்ணுதான் அக்கா, சத்தியமா. நாளைக்கு அவர் ஆபீஸ் கிளம்பினதும் திறந்துட்டு வாங்க. தெருமுனையில நான் வண்டியோட நிக்கிறேன். போலீஸ்ல சொல்லிட்டு நேரா பாப்பாகிட்ட போயிடலாம். ஏன் கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?

— நீங்க நல்லவங்க மேடம்.

— அதெல்லாம் இருக்கட்டும். வருவீங்கதானே?

— என்னங்க, வாங்க. கேட்டுட்டேன். கைப்பிடியைத் தூக்கிக் குட்டிப் பட்டனை அழுத்தணுமாம். வேற வழி இல்லையாம்.

— அக்கா!

— சும்மா சொல்லக்கூடாது மேடம், உங்க சர்வீஸே சர்வீஸ்! உள்ள ஏதோ ஒரு வழி இருக்குன்னு கடைக்காரன் உளறினான். உங்க ஆபீஸ்ல கேட்டா மழுப்பறாங்க. நான் கேட்டா நீங்களும் மழுப்புவீங்க. ஸ்க்ரூடிரைவரை எங்கடி வச்சே?

— ஏன்க்கா? உங்களுக்காகத்தானே சொன்னேன், ஏன் இப்படிப் பண்ணீங்க?

— மன்னிச்சுடுங்க மேடம். கேட்டுச் சொன்னா பாப்பாவை ஒரு தடவை கண்ணுல காட்டுறேன்னு சொல்லியிருக்கார்.