ஏழு மருதமரங்களை அறுக்கச் சொன்னது குறித்து

பெயர் கோலப்பன், வயது 61, தகப்பனார் பெயர் முத்துநாயகம், தொழில் விவசாயம், குடியிருப்பு தோவாளை வட்டம், பழையாற்றங்கரை மேலத்தெரு. 2013 மார்ச் 28-ஆம் தேதி வனச்சரக அலுவலகத்துக்கு, யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்லியது:

ஆற்றை ஒட்டிய என் நிலத்தில் ஒரு பகுதியைச் சென்ற வருடம் ஞானசிங் என்பவருக்கு வீட்டுமனை போட விற்றேன். அதன் கரையில் ஏழு மருதமரங்கள் நின்றன. கொக்கும் நீர்க்காகமும் கார்த்திகையில் வந்து அவற்றில் கூடு கட்டும், மாசி, பங்குனியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிவதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அறுப்பு முடியாமல் அந்த மரங்களில் கத்தி வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஞானசிங்கும் இதற்கு ஒப்புக்கொண்டு, மனைக்கல் நட்ட பிறகும் நான் சொல்லும்வரை மரங்களைத் தொடவில்லை.

இந்தத் தடவை மழை பொய்த்து, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் ஒன்றரை மாதம் பிந்தி வந்ததால் ஊரில் எல்லாரும் பிந்தி நட்டார்கள். எனக்குப் போர்க்கிணறு இருப்பதால் நான் மட்டும் மோட்டார் வைத்து நேரத்துக்கே நட்டு, மாசிக் கடைசியில் அறுத்தும்விட்டேன். ஊரில் முதல் அறுப்பு என்னுடையது என்று டீக்கடையில் பெருமையும் அடித்தேன். என் போர்க்கிணற்றுத் தண்ணீரை நம்பி எந்தக் கொக்கு முட்டையிடும்? கால்வாயில் தண்ணீர் வந்த பிறகே அவை கூடு கட்டின. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பின் ஞானசிங் கேட்டபோது, அறுத்தாயிற்று, மரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஆரல்வாய்மொழியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். 26-ஆம் தேதி காலை, மரம் அறுக்க வந்த ராஜகுமார் என்பவர் அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, மேல குஞ்சு சத்தம் கேக்குல்லா. பத்து நாளு பொறுத்தா என்ன?" என்று கேட்டார். நான், "அது பறக்கப் பழகுற குஞ்சு மக்கா. வயல் அறுத்தாச்சு, இனி ஒண்ணும் இருக்காது. நீ அறு" என்றேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். நாற்பது வருட விவசாயிக்கு இவர் சொல்லித் தருவதா என்ற தடிப்பில் போகவில்லை.

அதன் பின் மதியம், ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த சத்தியபாய் என்பவர் போனில் அழுததைக் கேட்டுப் புறப்பட்டு வந்தேன். ஏழு மரமும் விழுந்து கிடந்தன. குஞ்சுகளுக்கு இறகே முளைத்திருக்கவில்லை. பெரிய பறவைகள் மனைக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தன, பக்கத்தில் போயும் எழும்பவில்லை. அங்கே வந்த வன அலுவலர்கள் எண்பத்துமூன்று குஞ்சுகளை எண்ணி, உயிரோடு இருந்த பதினொன்றைப் பழக்கூடையில் கொண்டுபோனார்கள்.

ராஜகுமாரைப் பிடித்து வைத்திருப்பதாக இன்று கேள்விப்பட்டு வந்தேன். அவர் என் வார்த்தையை நம்பியே அறுத்தார். வழக்கு என்மேல் வரவேண்டும்.

மேலே கண்டதை அலுவலர் வாசித்துக் காட்டினார். ராஜகுமார் என்னை ஒரு தடவை கேட்டதாக அதில் இருந்தது. மரத்தில் வாளை வைக்கும் முன் இன்னொரு தடவையும் போன் செய்தார், நான் எடுக்கவில்லை என்று சேர்க்கச் சொன்னேன், சேர்க்கப்பட்டது. இப்போது இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(ஒப்பம்)
மு. கோலப்பன்