நார்மல் ஐயாவின் காலை இரத்தம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் தோளில் தாங்கிய தூயவரே! ஊசி ஏறியதே தெரியாமல் உருவியெடுக்கும் உத்தமக் கரத்தினரே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைப் பரிசோதகரே, வணக்கம்!

"உள்ளதை எழுதுங்கப்பா, பூசி மெழுகாதீங்க" என்று தாங்களே கட்டளையிட்டதால் இம்மடல் இப்படி அமைகிறது.

ஈரல் நொதி கூடியிருக்கிறது என்ற அறிக்கையோடு ஜன்னலில் கலங்கி நின்றோருக்குத் தாங்கள் சலிக்காமல் சொன்ன விடை எங்களுக்கு மனப்பாடம். "வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய பாத்திரம் தெருவுல கிடந்தா, சுவர் இடிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? அந்த நொதி ஈரல் செல்லுக்குள்ள இருந்து வேலை செய்யணும். செல் உடைஞ்சா ரத்தத்துல கசியும். வருஷக்கணக்குல உடைஞ்சா வருஷக்கணக்குல கசியும்." இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சிக்கனத்தின் சிகரமே! இயந்திரத்தைச் சரிபார்க்க வாங்கும், நொதியளவு முன்பே தெரிந்த சீரம் பாட்டில் எப்போதும் தட்டுப்பாடு. ஆகவே காலையில் முதல் வேலையாகத் தாங்கள் சட்டைக் கையை மடித்து நீட்டுவீர்கள். தங்கள் இரத்தத்தில் அந்த நொதி முப்பது என்று வந்தால் இயந்திரம் சரி. பிறகுதான் நோயாளிகளின் குழாய்கள் ஏறும். அதனால்தான் எங்களுக்குத் தாங்கள் 'நார்மல் ஐயா' ஆனீர்கள்.

ஒருநாள் ஐம்பத்தைந்து வந்தது. "மெஷினுக்குக் காய்ச்சல்" என்று சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம். எண்பது வந்தது, கரைசலைக் குறை சொன்னோம். நூற்றுப்பத்து வந்தது, மெக்கானிக் கழற்றிப் பூட்டிவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்களே" என்று தலையைச் சொறிந்தார். அவரையும் திட்டி அனுப்பினோம். அத்தகைய நாட்களில் மட்டும் அந்தப் பாட்டிலைத் திறந்து இயந்திரத்தில் ஏற்றினோம். அளவு சரியாக வந்ததும் "இப்ப சரியாயிடுச்சு" என்று வேலையைத் தொடர்ந்தோம். பாட்டிலிலும் கோளாறில்லை, இயந்திரத்திலும் இல்லை என்றால் மிச்சம் யார் என்று நான்கு ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஐயா. படித்த முட்டாள்கள் நாங்கள்.

சென்ற ஆண்டு அளவு தானாக இறங்கி முப்பத்தெட்டுக்கு வந்தது. கைதட்டினோம்! உடைவதற்குச் செல்லே மிச்சமில்லாத ஈரலிலிருந்து என்ன கசியும் என்று நம்மில் எவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் தங்கள் வயிறு வீங்கியது, கண் மஞ்சளித்தது. கையுறை கிடைக்காத காலத்தில் எப்போதோ குத்திய ஊசி வழியே நுழைந்த கிருமி என்றார் மருத்துவர். அக்கிருமியைக் காட்டிய இரத்த அறிக்கையையும் தாங்களே படித்து, தாங்களே கையெழுத்திட்டீர்கள். எங்கள் நெஞ்சு ஆறவில்லை. இனி ஆறப்போவதுமில்லை.

நேற்று, தங்கள் துணைவியாராகிய எங்கள் அக்கா வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "நூறு வருஷம் வாழ்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. இதைக் கண்ணாடி போட்டு வீட்ல மாட்டணும். அவருக்கு அப்புறம் நான்தான் அதைப் பார்த்துக்கிட்டு உக்காரணும்."

ஆகவே ஆண்டுகளை எழுதவில்லை, ஐயா. நாளைக் காலை வலியின்றி விழித்தெழுக! இரண்டு வாய் உணவு பசித்து உண்க! மறுநாளும் அவ்வாறே ஆகுக! அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாயில்லை.

இங்ஙனம்,
தங்கள் இரத்தத்தை நாள்தோறும் பார்த்தும்
தங்களைப் பார்க்காத
பரிசோதனைக் கூடத்தார்