ஆறு வழி மாறின காலை

அவிஸ்: கிட்டப் போகாதேடா கில்பர்ட்! கல்லு சரியுது பாரு.

கில்பர்ட்: அக்கா... இங்கதானே ஆத்தை எங்க ஊர்ப் பக்கம் திருப்பிவிடுற கல்மேடு இருந்துச்சு? நேத்து வரைக்கும்?

அவிஸ்: இருந்துச்சு. ராத்திரி அடிச்ச புயல்ல போயிடுச்சு.

கில்பர்ட்: அம்மாடி! ஆறு நேரா கடலுக்குள்ள பாயுதே... என்னா ஆழம்! என்னா வேகம்!

அவிஸ்: எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுடா. பாத்ததும் அப்படியே முட்டி போட்டுட்டேன்.

கில்பர்ட்: எங்க சீஃபோர்டு துறைமுகத்துல இப்ப என்ன இருக்கு தெரியுமா? சேறு. எந்திரிச்சுப் பாத்தா ஆத்தையே காணோம். தேடிக்கிட்டே நடந்து வந்தேன்.

அவிஸ்: ஆத்தைத் தொலைச்சுட்டுத் தேடுற ஆளு உலகத்துலயே நீங்கதான்!

கில்பர்ட்: சிரிக்காதேக்கா. கப்பலுக்கு வழி காட்டினாத்தான் என் வீட்டுல அடுப்பு எரியும். இனி அந்தச் சேத்துக்கு எந்தக் கப்பல் வரும்?

அவிஸ்: எங்க மீச்சிங்குக்கு வரட்டுமே. நாலு வீடும் வாத்துமா கிடக்கோம்...

கில்பர்ட்: ஒண்ணு கேக்குறேன். புயல் கல்லைக் கொண்டாந்து குவிக்கும். இப்படி நடுவுல அறுத்து விடுமா?

அவிஸ்: கடலோட புத்தி யாருக்குத் தெரியும்?

கில்பர்ட்: உன் கை ஏன் கொப்புளமா இருக்கு?

அவிஸ்: அது... துணி பிழிஞ்சேன்.

கில்பர்ட்: மண்வெட்டியாலயா?

அவிஸ்: ...சரிடா, வெட்டினோம்! ஊரே சேந்துதான் வெட்டினோம். புல்வெளியெல்லாம் வருஷக்கணக்கா தண்ணியில கிடக்கு. மாடு ரெண்டும் செத்துப்போச்சு. தண்ணி வடிய ஒரு முழத்துக்கு வாய்க்கால், அவ்வளவுதான். மிச்சத்தைக் கடல் பாத்துக்கிச்சு. ஒரு முழம் கேட்டோம்... ஆத்தையே தூக்கிக் குடுத்துடுச்சு.

கில்பர்ட்: எங்க ஊருக்காரங்களுக்குத் தெரிஞ்சா உங்களை உயிரோட விடமாட்டாங்க.

அவிஸ்: நீ போய்ச் சொல்லிடுவியா?

கில்பர்ட்: பனி விலகட்டும், மொதல்ல அந்த வளைவைப் பாரு.

அவிஸ்: கேட்டதுக்குப் பதில் சொல்லுடா... ஏய், பனி விலகுது. அந்த வளைவுல என்னடா அது? பாய்மரமா? கடவுளே... எம்மாம் பெரிய கப்பல்! எங்க வாத்து மேயுற எடத்துலயா? இது எப்படா உள்ள வந்துச்சு?

கில்பர்ட்: விடியறப்ப.

அவிஸ்: வழி தெரியாத ஆத்துல யாருடா கொண்டாந்தது?

கில்பர்ட்: நடந்து வந்தேன்னு சொன்னது பொய்க்கா. கப்பல் வெளியே கடல்ல தத்தளிச்சுக்கிட்டு இருந்துச்சு, தோணியில போய் நான்தான் கூட்டியாந்தேன். இது எந்த ஊருன்னு கப்பல்காரன் கேட்டான். புதுத் துறைதானே, 'நியூஹேவன்'னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். போற எடமெல்லாம் சொல்லுவேன்னான்... எங்க ஊருக்காரங்க மொதல்ல என்னைத்தான் வெட்டுவாங்க.