திட்டு விழாத மரம்

ஏறிக்கிங்க தம்பி. பையக் குடுங்க, கால்கிட்ட வெச்சிக்கிறேன். அட, பயப்படாதீங்க, எக்ஸெல் வண்டிதான், ஆனா மூட்ட மூட்டயா மாங்கா சொமக்கிற வண்டி. உங்க ஒடம்பெல்லாம் இதுக்கு ஒரு சொமையே இல்ல. மொரப்பூர்ல ரயில வுட்டு எறங்கிட்டு பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் நிப்பீங்க? அதான் நானே வந்துட்டேன். நேத்து உங்களுக்குப் போன் பண்ணது நாந்தாங்க, காசியம்மா.

அப்பா நல்லாத்தான் இருக்காரு. கண்ணு முழிச்சிட்டாரு, எடது கைய நல்லா அசைக்கிறாரு. போன்ல குடுக்கச் சொன்னீங்க, ஞாபகம் இருக்குதுங்க. அந்த வார்டுல சிக்னலே சரியில்ல. வுடுங்க, நேர்லதான போறோம்.

நானா? உங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்லீங்க. தையக்கட வெச்சிருக்கேன். நம்ம டவுன்ல வூட்டுக்கு வூடு பின்னாடி ஒரு மரம் நிக்குது பாருங்க, மா, கொய்யா, சப்போட்டான்னு. பறிக்க ஆளில்லாம கொட்டி அழுவிப் போவுது. ஞாயித்துக்கெழமையானா நாங்க ஏழெட்டுப் பேரு தொரட்டிய எடுத்துக்கிட்டு கெளம்பிருவோம். வூட்டுக்காரங்களுக்கு வேணுங்கிறது போவ, மிச்சத்த ஆஸ்டல் புள்ளைங்களுக்கு, ஆஸ்பத்திரில தொணைக்குக் கெடக்கறவங்களுக்குக் குடுத்துருவோம். கடையில ஒக்காந்து ஊர்வம்பு பேசறதுக்கு இது எவ்வளவோ தேவல.

உங்கப்பாவக் கேக்காம இருப்பமா? வருசா வருசம் கேட்டோம். ஐயா, மரம் பூரா செந்தூரா செவசெவன்னு தொங்குதே, கொஞ்சம் பறிச்சிக்கட்டுமான்னு. யப்பா, என்னா வாயிங்க அது! திருட்டுக் கழுதைங்களா, எம் பையன் வந்து பறிப்பான், போங்கடின்னு கேட்டைச் சாத்திட்டாரு. நீங்க எங்க வந்தீங்க? அணிலுதான் தின்னுச்சு. கோவிச்சிக்காதீங்க, மனசுல பட்டதச் சொன்னேன். தெருவுல போறப்ப ஒரு எல அசைஞ்சாலும் உள்ளருந்து சத்தம் வரும், எவடி அதுன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இந்தாளு வாயில கொழுக்கட்டையத் திணிக்கன்னு நெனச்சிக்குவேன்.

புடிச்சிக்கிங்க, பள்ளம்.

நேத்து உங்க பக்கத்து வூட்டு தெரசா டீச்சர் வூட்ல பறிச்சோம். அது பெங்களூரா மரம், கிளிமூக்கு மாங்கா. எங்க மாது, கரண்ட்டு வேல பாக்குறவன், அவந்தான் மேல ஏறுனான். எங்களுக்கு ஒரு கண்டிசன் உண்டுங்க, சரின்னு சொல்லாத மரத்துல கையே வெக்கமாட்டோம். ஆனா மேல போயிப் பாத்தா டீச்சர் மரத்துக் கெளையும் உங்க மரத்துக் கெளையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடக்குது. இவம் பாட்டுக்கு கெளையப் புடிச்சிக்கிட்டே செவுத்தத் தாண்டிட்டான். கூடை எறங்குது, பாத்தா அம்புட்டும் செந்தூரா! டேய், பெங்களூரா மரத்துல எப்பிடிடா செந்தூரா காச்சுதுன்னு கேக்குறேன், இவன் அங்க பேந்தப் பேந்த முழிக்கிறான்.

செத்தோம்டா, இப்ப வருவாரு பாருன்னு தலைய முந்தானைல மூடிக்கிட்டு நிக்கிறேன். வரல. ஒரு கூடை பழம் போயிருக்குது, ஒரு திட்டு வரல. மாது வேணும்னே கெளையப் புடிச்சி உலுக்குனான், சடசடன்னு கொட்டுது. அப்பவும் சத்தமே இல்லீங்க. டேய், குதிடா உள்ளன்னு கத்திட்டேன்.

சமையக்கட்டுல கெடந்தாருங்க. ஆமா, கதவ ஒடச்சது நாங்கதான். புதுத் தாப்பா மாதுவே போட்டுட்டான், சண்டைக்கு வராதீங்க. டீச்சர் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. அந்த மனுசன் மட்டும் வாயில்லாத பூச்சியா இருந்திருந்தா, நாங்க கூடையத் தூக்கிக்கிட்டு சந்தோசமா வூட்டுக்குப் போயிருப்போம்.

என்னாங்க, மறுபடியும் போனா? வேணாம், உள்ள வைங்க. ஆஸ்பத்திரி வந்துருச்சு. எறங்குங்க.

தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. வார்டுல சிக்னலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அப்பாவுக்குப் பேச்சு வரலீங்க. வலது பக்கம் விழுந்துருச்சு, வாயும் கோணிக்கிச்சு. வழியில சொன்னா பின்னாடி ஒக்காந்துக்கிட்டு என்னா பண்ணுவீங்க? அதான் வாய மூடாம ஒளறிக்கிட்டே வந்தேன்.

இருங்க, அழுவாதீங்க. இன்னொண்ணு கேளுங்க. காலைல உங்க மரத்துப் பழம் ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயி அவரு கண்ணு முன்னாடி காட்டுனேன். பழத்தப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. எடது கையால வெடுக்குனு புடுங்கப் பாத்தாரு. அப்பறம் அந்தக் கோண வாய வெச்சிக்கிட்டு, தி... தி...ன்னாரு. அம்புட்டுத்தான் வந்துச்சு. என்னைய எத்தன தடவ அந்த வார்த்த சொல்லித் தொரத்தியிருப்பாரு, எனக்குத் தெரியாதா அது என்னான்னு? நர்ஸம்மா முன்னாடியே ஓன்னு அழுதுட்டேங்க.

வாங்க, போலாம். நீங்க முன்னாடி போயி நில்லுங்க, மவன் மொகத்தப் பாக்கட்டும். நான் இந்தப் பழத்தக் கடிச்சிக்கிட்டே பின்னாடி வர்றேன். மிச்ச வார்த்தையும் வந்துரும்.