பானெட் ஏன் சூடா இருக்கு

— பதிமூணு மணி நேரம்மா. நேத்து சாயந்திரம் ஏழு மணிக்கு நிறுத்தின கார். இப்போ காலையில எட்டு. நீயே கை வெச்சுப் பாரு, பானெட் சூடா இருக்கு.

— வெயில் லா, திவ்யா. சிங்கப்பூர்ல எதுதான் ஆறுது.

— மூணாவது மாடி கார்பார்க்ல என்னம்மா வெயில். நமக்கு மேல இன்னும் நாலு மாடி இருக்கு.

— பக்கத்து கார் சூடு அடிச்சிருக்கும். நீ வந்த வேலையப் பாரு. மலாக்காலேருந்து உன் பெரியம்மா ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. நாளைக்கு அறுபதாம் கல்யாணம், தங்கச்சி இன்னும் சிங்கப்பூர்ல ஈசூன் வீட்டுலயே நிக்கறான்னு ஒரே புலம்பல்.

— செக் பண்ணாம கிளம்ப மாட்டேன். இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், கண்ணாடி கழுவுற தண்ணி. எல்லாம் நானே பாக்கப் போறேன். ஒர்க்‌ஷாப்புக்கு போன் பண்ண மாட்டேன்.

— லேப்ல வேலை பாக்கறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

— லேப்ல தப்பாப் போச்சுன்னா கொட்டிட்டு மறுபடியும் பண்ணலாம். ஹைவேல அப்படி முடியாது.

— சரி, பானெட்டத் தூக்கு.

— அதைத் திறக்கற லிவர் எங்கன்னுதான் தேடறேன்.

— வலது முட்டிகிட்ட. கைய உள்ள விடு. ஆங், அதுதான்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நீ ஒரு வாரமா சோபால உக்காந்து வீடியோ பாத்தியே. நான் என்ன சுவத்தையா பாத்துக்கிட்டு இருந்தேன்.

— இந்த மஞ்சள் வளையம்தான் ஆயில் குச்சி. இழுத்தாச்சு. அம்மா, ரொம்பக் கம்மியா இருக்கு.

— முதல் தடவை வர்றது கணக்கில்ல. துடைச்சிட்டு மறுபடியும் முழுசா விட்டு எடு.

— இதுவும் வீடியோவா?

— இதுவும் வீடியோதான்.

— ரெண்டு புள்ளிக்கு நடுவுல நிக்குது. தேன் நிறம். நல்லா இருக்கும்மா. ஆயில் நல்லா இருக்கு.

— அப்படியே நில்லு. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பறேன். அவ மருமகளுக்கு டயருக்குக் காத்தடிக்கக்கூடத் தெரியாது.

— வேணாம்மா. அனுப்பாத.

— ஏன் தலையக் குனியற? கையில கரி இருந்தா இருக்கட்டும். குச்சிய நல்லா தெரியற மாதிரி பிடி.

— போதும், போதும். இது பிரேக் ஆயில். சரியா இருக்கு. கண்ணாடித் தண்ணி பாதிதான் இருக்கு, அந்த பாட்டிலக் கொடு.

— இது காலி. நான் வேற கொண்டு வர்றேன்.

— முழு பாட்டில்தானே நேத்து இங்க வெச்சேன். சரி, அப்புறம் பாத்துக்கலாம். கூலண்ட் பாப்போம். இந்த வெள்ளை டப்பால இருக்கற பச்சைத் தண்ணி. இதென்ன, மேல் கோட்டையும் தாண்டி நிக்குது? போன வாரம் நடுவுலதான் இருந்துச்சு.

— நிறைய இருந்தா நல்லதுதானே.

— யாரும் ஊத்தல. ஊத்தாம ஏறியிருந்தா சூட்டுல விரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா இன்ஜினே ஓடலையே.

— என்னவோ போ. மூடிய மட்டும் திறந்துடாத. இந்தச் சூட்டுல திறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்.

— இப்பதான் பக்கத்து கார் சூடுன்ன.

— பொதுவாச் சொன்னேன்.

— அம்மா. கீழ பாரு. பம்பருக்கு அடியில சிவப்பா சொட்டியிருக்கு.

— பழைய கறையா இருக்கும்.

— ஈரமா இருக்கு. கியர் ஆயில் சிவப்பாத்தான் இருக்கும், புத்தகத்துல போட்டிருக்கு. கியர்பாக்ஸ் ஒழுகுது. அதான் எல்லாமே சூடு. முடிஞ்சுது, நான் போகல.

— அவசரப்படாத கண்ணு.

— நீ பஸ்ஸுல போம்மா. குவீன் ஸ்ட்ரீட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூட வர்றேன்.

— பஸ்ஸுல போறதுக்கா விடிகாலையில எழுந்து சாமான் கட்டி வெச்சேன்?

— போன தடவை எல்லையில துவாஸ் செக்பாயிண்ட் வரைக்கும் போனோம். அந்த லாரி வரிசையப் பாத்ததும் பயந்து திருப்பிட்டேன். பின் சீட்டுல பெரியம்மாவுக்கு நீ சுட்ட முறுக்கு. மறுநாள் அதை நீயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்ட. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. இந்தத் தடவையும் பாதியில நின்னா கார வித்துடுவேன். நெஜமா.

— விக்கற பேச்சு வேணாம்.

— மூணு மணி நேரம் ஹைவே. மறுபடியும் எனக்கு பயம் வந்தா, பக்கத்துல மாத்தி ஓட்ட யாரு இருக்கா?

— திவ்யா. அந்தச் சிவப்பைத் தொட்டுப் பாத்தியா?

— எதுக்கு?

— ஆயில்னா வழுக்கணும்ல. தொட்டுப் பாரு.

— வழுக்கல. தண்ணி மாதிரி இருக்கு.

— மோந்து பாரு.

— எலுமிச்சம்பழ வாசனை. இது குங்குமம். நம்பர் பிளேட்டுலேருந்து சொட்டுது. யாரோ தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. என்னோட பாட்டில் தண்ணி.

— முழுசாப் போகல போலிருக்கு.

— டயர் இடுக்குல எலுமிச்சை விதை ஒட்டியிருக்கு.

— இருக்கும். நாலு டயருக்கும் நாலு பழம் வெச்சாரு ஐயர்.

— கோயிலுக்குப் போச்சா? சிராங்கூன் ரோட்டுக்கா? இந்தக் காரா?

— ஆறு மணிக்கெல்லாம் ரோடு காலி. வாங்கி இவ்வளவு மாசமாச்சு, நீ பூசை போடவே விடல. கோயில் முன்னாடி நிறுத்த பயம், கூட்டம் பாக்கும்னு வெக்கம். பூசை போடாத வண்டியில எல்லை தாண்டறதான்னு எனக்கு மனசு கேக்கல.

— பழத்து மேல ஏத்தணும்னா யாராவது ஓட்டியிருக்கணும். ரித்திக்கா?

— உன் தம்பி ராணுவ கேம்ப்ல இருக்கான். ஞாயித்துக்கிழமைதான் வெளிய விடுவாங்க.

— அப்ப யாரு? தெரியாத ஆளுகிட்ட என் சாவியக் கொடுத்தியா?

— இன்சூரன்ஸ் எடுக்கறப்போ ஒண்ணு சொன்னேனே. யாரு ஓட்டினாலும் செல்லற மாதிரி எடுன்னு.

— ரித்திக் ஒருநாள் ஓட்டுவான், அதுக்குத்தான்னு சொன்ன.

— அவன் ஓட்டட்டும், நான் வேணாம்னா சொன்னேன். புக்கிட் பாத்தோக்ல எனக்கு பஜனை வகுப்பு இருக்குல்ல?

— செவ்வாயும் சனியும். ஷூ போட்டுக்கிட்டு போவ. பஜனைக்கு யாரும்மா ஷூ போடுவாங்கன்னு கேட்டதுக்கு, குதிகால் வலின்ன.

— ஒரு பாட்டாவது பாடிக் காட்டுன்னு நீ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன்.

— அம்மா.

— பின்னாடி கண்ணாடியப் போய்ப் பாரு. முன்னாடி இருந்ததைக் கழட்டிட்டேன். அது மட்டும் மறந்துபோச்சு.

— ஆரஞ்சு ஸ்டிக்கர். முதல் வருஷ டிரைவருக்கு ஒட்டறது. இதை நான் போன மாசமே கிழிச்சுப் போட்டுட்டேனே. எனக்கு ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சேம்மா.

— உனக்கு முடிஞ்சுபோச்சு. இப்ப எனக்கு ஆரம்பம். துவாஸ்ல நீ காரத் திருப்பின மறுவாரமே புக்கிட் பாத்தோக் டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தேன், போன வியாழக்கிழமை லைசென்ஸ் வாங்கிட்டேன், அதுவும் ஒரே தடவையில. பாதி வழி, பாகோ வரைக்கும் நீ ஓட்டு, அங்கேருந்து நான் ஓட்டறேன்.