சங்கு நின்ற தீவு

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் யாராவது பல்லைக் காட்டினால் நான் எழுந்து போய்விடுவேன். இது என் சிநேகிதனின் அக்காவுக்கு நடந்தது. அவன் புளுகுகிறவன் இல்லை. லீவு கேட்கும்போது மட்டும்தான் பொய் சொல்வான்.

இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். படகுத்துறையிலிருந்து ஊருக்குள் வரும் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். காரின் வெளிச்சம் முன்னால் போகாமல் திரும்பி நம் முகத்திலேயே விழுமே, அப்படி ஒரு மூடுபனி. அக்காதான் கார் ஓட்டுகிறாள். பக்கத்தில் அவள் கணவர். சிநேகிதன் அவரை அத்தான் என்பான், நாமும் அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். பின் இருக்கையில் அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, நல்ல தூக்கத்தில்.

அத்தான் எலக்ட்ரீஷியன். கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு தீவு. அதில் ஆள் இல்லாமல் கிடக்கிற பழைய லைட்ஹவுஸ். அதன் அருகே ஒரு கம்பம் நட்டு, தானாக எரிகிற விளக்கு ஒன்றைப் பிற்பாடு வைத்திருந்தார்கள். அதற்கு பேட்டரி மாற்றப் போனவர் அவர். போன அன்றே சாயங்காலம் திரும்ப வேண்டியது. காற்று பிடித்துக்கொண்டதால் படகு அவரை அழைக்கப் போக முடியவில்லை. இரண்டு ராத்திரி அங்கே தனியாகக் கிடந்துவிட்டு இப்போதுதான் கரை இறங்கியிருக்கிறார். போனும் எடுக்கவில்லை. கார் முழுக்க ஈரத் துணி வாடை, அதனுடன் பழைய டீசல் வாடை.

"எங்க படுத்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பழைய கட்டடத்துலதான். கீழ ஒரு ரூம் இருக்கு. கூரை நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவத்துல பெரிய…"

நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி. வைப்பர் மட்டும் சரக்… சரக்… என்று போய் வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"…ஓட்டை. காத்து நேரா உள்ள வருது."

விட்ட இடத்திலேயே பிடித்துவிட்டார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. களைப்பு, தூக்கம் இல்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் பல தடவை அப்படி நின்றார்.

மறுநாளும் நின்றார். சாப்பிடும்போது கை வாய்க்குப் போகும் வழியில் அந்தரத்தில் நிற்கும். போனில் மேனேஜரோடு பேசும்போது வார்த்தை பாதியில் நிற்கும். "லைன் கட் ஆயிடுச்சா?" என்று அந்தப் பக்கம் கத்துவது அக்காவுக்கே கேட்கும். பிறகு இவர் மீதி வார்த்தையைச் சொல்லி முடிப்பார். அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. அல்லது தெரிந்தும் மறைத்தாரோ என்னவோ.

வேறு ஒருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். அக்கா விடவில்லை. ஏன் என்றால் அவள் பார்க்கிற வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய முகங்களைப் பார்க்கிறவள். சத்தம் கேட்ட மனுஷன் விரலைத் தூக்குவதற்கு முன்னாலேயே கண் ஒரு நூல் அசையும். கேட்காமல் கேட்டதாக நடிக்கிறவனுக்கு அது அசையாது. அத்தான் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண் அசைந்தது. இந்த ஆள் யோசிக்கவில்லை, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சந்தேகம் செருப்புக்குள் போன சிறு கல் மாதிரி. நடந்துகொண்டே இருக்கலாம், மறக்க முடியாது. அக்காவுக்கு முதலில் வந்தது எல்லாப் பெண்களுக்கும் வருகிற சந்தேகம்தான். காதுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ கருவி. அதில் பேசுகிற எவளோ ஒருத்தி. அவர் தூங்கியபோது போனைக் குடைந்தாள், ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டார்ச் கொண்டுவந்து தூங்குகிற மனுஷனின் காதுக்குள் அடித்துப் பார்த்தாள். அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. சிரிக்காதீர்கள் என்று சொன்னேன்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. ஊரார் காதையெல்லாம் சோதித்தவள் தன் பிள்ளையைத் தானே சோதித்துத் தானே கண்டுபிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பக்கமும் நரம்பே இல்லை, என்ன மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தான் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்கா மட்டும் விடவில்லை. தினமும் காலையில் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டை ஓங்கித் தட்டுவாள். அது திரும்பாது. பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து, அதன் விரல்களைத் தன் உதட்டில் வைத்து "அம்மா… அம்மா…" என்பாள். ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும். அதற்குமேல் அவளுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்த மனுஷன் இதிலிருந்தெல்லாம் தப்பித்து ஓட வழி பார்க்கிறாரோ என்பதுதான் அவள் பயம்.

கேட்டும் பார்த்தாள். "தீவுல உங்ககூட யார் இருந்தா?"

"யாரு இருப்பா? நான் ஒருத்தன்தான். நல்லாத் தூங்கினேன்."

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா நேராகப் படகுத்துறைக்குப் போனாள். படகுக்காரர் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அந்தத் தீவுல பொம்பள யாராச்சும் இருக்காங்களா?"

படகுக்காரர் சிரித்தார். "பொம்பளையா? அந்தத் தீவுல பொட்டக் காக்காகூடக் கெடையாதும்மா." பிறகு சிரிப்பு போய்விட்டது. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "பேசும்போது பாதியில நிறுத்துறாரா?"

அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்தத் தீவில் வருஷத்தில் பாதி நாள் பனி. பனியில் விளக்கு எடுபடாது. அதனால் ஒரு சங்கு வைத்திருந்தார்கள், மில்லில் ஊதுவார்களே அந்த மாதிரி, ஆனால் எலும்புவரை அதிர்கிற சத்தம். கீழ் அறையில் அதற்கு டீசல் இன்ஜின், சுவரில் ஓட்டை போட்டு வாயை வெளியே நீட்டியிருந்தார்கள். சொல்லி வைத்த மாதிரி விட்டு விட்டு ஊதும். ஊதும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அங்கே குடியிருந்த குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள், சங்கு ஊதி முடியும், விட்ட எழுத்திலிருந்து பிடிப்பார்கள். பிள்ளைகள் சண்டை போடுவதும் அப்படி, புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படி. கரைக்கு மாற்றலாகி வந்த பிறகும் பலருக்கு அது போகவில்லை.

"ஒரு தடவ பனி விடவே இல்ல. ராப்பகலா சங்கு. சங்கு பாத்துக்கிட்டவரு வீட்டுல கைக்குழந்த. தூங்க முடியாம அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு. பெத்தவளுக்குத் தாங்கல. புள்ள கண்ண மூடுற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்கன்னு கால்ல விழுந்தா. மனுஷன் நிறுத்திட்டாரு. புள்ளையும் தூங்கிடுச்சு." படகுக்காரர் கடலைப் பார்த்தார். "அந்த நேரத்துலதான் அவருக்குப் பதிலா வேலைக்கு வர்ற மாத்து ஆளு படகுல வந்துக்கிட்டிருந்தாரு. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களோட, மொத்தம் நாலு பேரு. சங்குச் சத்தத்த வச்சுத்தான் தீவு எந்தப் பக்கம்னு தெரியும். பாறையில அடிச்சிருச்சு. ஒருத்தரும் கெடைக்கல."

"இவருக்கும் அதுக்கும் என்னண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? சங்கக் கழட்டி எடுத்துட்டுப் போயி எத்தனையோ காலம் ஆச்சு. ஆனா அந்த ரூம்ல ராத்தங்கின ஆளுங்க எல்லாம் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பேசுறாங்க. கண்டுக்காம விடுங்க, தானா சரியாயிடும்."

அக்கா நம்பவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஜோடித்த கதை என்றே நினைத்தாள். காது விஷயத்தில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அன்று ராத்திரியே, ஆஸ்பத்திரியில் எல்லாரும் போன பிறகு, அத்தானை வரச் சொன்னாள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சோதனை அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை, இரட்டைக் கதவு. உள்ளே உட்கார்ந்தால் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். அவரை உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, கதவுகளைச் சாத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை.

அவள் ஒரு சத்தமும் அனுப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

அத்தானின் கண் அசைந்தது. விரலைத் தூக்கினார்.

நடிப்பு என்று நினைத்தாள். மெஷினை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்…

மறுபடியும் கண். மறுபடியும் விரல்.

அப்போதுதான் மடியில் ஏதோ அசைந்ததை உணர்ந்து கீழே பார்த்தாள். குழந்தை தலையைத் திருப்பியிருந்தது. அப்பாவைப் பார்த்து இல்லை. வெளியே போகும் மூடிய கதவைப் பார்த்து.

இடி விழுந்தாலும் திரும்பாத குழந்தை. தற்செயல், தற்செயல் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்ததற்குக் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் உயர்ந்தது. அதே கணத்தில் குழந்தை திரும்பியது. அதன் கண்ணும் ஒரு நூல் அசைந்தது.

பயந்தாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சந்தோஷப்பட்டாள். அழுதாள், சிரித்தாள், குழந்தையின் தலை முழுக்க முத்தம் கொடுத்தாள். என்ன சத்தம், யார் சத்தம் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. என் பிள்ளைக்குக் கேட்கிறது… அவ்வளவுதான். இன்னொரு தடவை வரட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவளே வேண்டிக்கொண்டாள்.

வந்தது. குழந்தை திரும்பியது. வாயைத் திறந்தது.

அக்கா குனிந்து உதட்டைப் பார்த்தாள். 'அம்மா' என்றால் உதடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொல்லைக்கூடக் கேட்டறியாத அந்தக் குழந்தை, கொஞ்சமும் மழலை இல்லாமல், பெரியவர்கள் பேசுகிற மாதிரித் தெளிவாகச் சொன்னது.

"சத்தம் குடுங்க… கரை தெரியல… யாராச்சும் சத்தம் குடுங்க…"

பெற்றவள் அல்லவா. பிள்ளை கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. "இங்கதான்டா கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன்! வாடா!" என்று அந்த அறை அதிரக் கத்தினாள். உள்ளே அத்தான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

அத்தான் இப்போது பேச்சை நிறுத்துவதில்லை. அன்றோடு விட்டுவிட்டது. படகுக்காரர் சொன்ன மாதிரி தானாகச் சரியாகிவிட்டது என்று சிநேகிதன் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கலகலப்பான மனுஷன்தான். அக்காதான் இளைத்துப் போயிருக்கிறாள். கூப்பிடுகிறவர்கள் கரை சேர்ந்துவிட்டால் அப்புறம் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று என்னிடம் கேட்டாள்.

குழந்தையின் காதை மறுபடி சோதித்தார்கள். முன்பு போலவே, ஒன்றும் கேட்காது. ஆனால் ராத்திரி படுக்கப்போனால், அத்தனை பெரிய கட்டிலில் ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொள்கிறதாம். நாலு பேர் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு. எவ்வளவு இழுத்துப் போட்டாலும் மறுபடி ஓரத்துக்கே போய்விடுகிறதாம். இப்போது 'அம்மா' என்றும் சொல்கிறது, வாய் நிறைய, திருத்தமாக… அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.